தங்கையின் பிரிவில் பிறந்த வைத்தியசாலை
(டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி)

துயரம் வராத வீடு இல்லை. அந்தத் துயரத்தைப் பெரும்பாலானோர் மனத்துக்குள்ளே வைத்துக் காலத்தைக் கழிக்கிறார்கள். மிகச் சிலர் மட்டும், தமக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது என்று எழுந்து நிற்கிறார்கள். அப்படி எழுந்து நின்ற ஒரு தமிழ்ப் பெண்மணியே டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி. சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர் என்றும், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர் என்றும் அவரை நாம் வரலாற்றுப் பாடத்தில் அறிந்திருக்கிறோம். ஆனால் இன்று நம் தாய்மார் இலவசமாகப் பெறக்கூடிய புற்றுநோய்ப் பரிசோதனைகளைப் பற்றிப் பேசும்போதும் அவருடைய வாழ்க்கையை நினைக்க வேண்டியிருக்கிறது. அதற்கான காரணத்தை இக்கட்டுரை சொல்லும்.

திரைக்குள் இருந்து கற்ற மாணவி

தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு யூலை 30ஆம் திகதி முத்துலெட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் அதிபராக விளங்கிய கல்விமான். தாய் சந்திரம்மாள், கோவில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். இந்தக் கலப்புத் திருமணத்தால் அந்தக் குடும்பம் ஊராரின் ஏளனத்தைச் சுமக்க நேர்ந்தது. பெண்ணாகப் பிறந்தது ஒரு தடை, பிறந்த குலம் இன்னொரு தடை என்ற நிலையிலேயே அவருடைய வாழ்க்கை தொடங்கியது.

அக்காலத்தில் பெண் பிள்ளைகள் எழுத்து வாசிக்கக் கற்றதும் பாடசாலையை விட்டு நின்றுவிடுவார்கள். பருவமடைந்தபின் வீட்டுக்கு வெளியே போவது என்பதே இல்லை. முத்துலெட்சுமியின் தாயும் மகளுக்கு விரைவில் திருமணம் செய்துவைக்கவே விரும்பினார். தந்தையோ மகளின் ஆர்வத்தைக் கண்டு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். தனிப் பரீட்சார்த்தியாக மெட்ரிகுலேசன் பரீட்சை எழுதி 1902இல் அவர் சித்தியடைந்தபோது ஊரே வியந்தது.

அடுத்து என்ன என்ற கேள்வி எழுந்தது. புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்கள் கல்லூரி ஒன்றே. அங்கு ஒரு பெண்ணைச் சேர்த்தால் பையன்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று பெற்றோர் பலர் எதிர்த்தார்கள். ஆனால் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி வழங்கினார். மூடிய வண்டியில் கல்லூரிக்கு வந்து, மற்ற மாணவர்களுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்ட ஓரிடத்தில் அமர்ந்து, அவர்கள் வெளியேறும் முன்பே வீடு திரும்பும் நிபந்தனைகளோடு அவர் கற்றார். படிப்பு கிடைக்கிறது என்றால் திரை ஒரு பொருட்டில்லை என்று அவர் ஏற்றுக்கொண்டார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எல்லாக் கதவுகளும் எளிதில் திறக்கவில்லை. பெண்கள் தம் வகுப்பில் அமர்வதை விரும்பாத சத்திரசிகிச்சைப் பேராசிரியர் ஒருவரும் இருந்தார். முத்துலெட்சுமியின் பரீட்சைப் பெறுபேற்றைக் கண்டபின் அவர் தம் மனத்தை மாற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள். 1912இல் உயர் சித்தியுடன் வைத்தியப் பட்டம் பெற்றார். சென்னை அரசினர் மகப்பேற்று வைத்தியசாலையில் உள்ளக வைத்தியராகப் பணியாற்றிய முதல் பெண்ணும் அவரே.

அக்காலத்தில் பெண் வைத்தியர் ஒருவர் கிடைப்பது எத்துணை பெரிய விடயம் என்பதை நம் யாழ்ப்பாணத்து அனுபவமே சொல்லும். இணுவிலில் 1898இல் பெண்களுக்கென்றே மக்லியட் வைத்தியசாலை திறக்கப்பட்டதன் காரணமும் அதுதான். ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டக் கூசி, நோயை மறைத்து, நோயோடே மாய்ந்துபோன பெண்கள் அன்று எத்தனையோ பேர். சாதி, சமய வேறுபாடின்றி எல்லா வீடுகளிலும் இருந்த நிலை இது.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை அவர் மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் பணிகளுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற நிபந்தனைகளை முன்வைத்து, அவற்றை மணமகன் ஏற்றபின்பே நடந்த திருமணம் அது. சுந்தர ரெட்டி கடைசிவரை அந்த வாக்கைக் காப்பாற்றினார். இவர்களுக்கு ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு ஆண் மக்கள்.

வைத்தியர் வீட்டிலேயே தவறிய நோய்

முத்துலெட்சுமியின் வாழ்க்கையைத் திருப்பிய சம்பவம் 1923இல் நடந்தது. அவருடைய தங்கை சுந்தரம்மாள் இளம் வயதிலேயே நோயுற்றார். வயிற்றோட்டமும் இரத்தப்போக்கும் இருந்தன. சீதபேதி என்று கருதி அதற்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. நாட்கள் கழிந்தும் நோய் தணியவில்லை. உண்மை தெரியவந்தபோது அது மலக்குடலில் முற்றிவிட்ட புற்றுநோய். செய்வதற்கு அப்போது ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அக்கா வைத்தியர், அத்தான் சத்திரசிகிச்சை நிபுணர், நகரத்தின் சிறந்த வைத்தியர்கள் அவர்களின் நண்பர்கள். அப்படியிருந்தும் அந்த இளம் பெண் வலியில் துடித்து இறந்துபோனார்.

இந்த மரணத்தில் இரண்டு உண்மைகள் இருந்தன. முதலாவது, புற்றுநோய் ஆரம்பத்தில் தன்னை வேறொரு சாதாரண நோய்போலக் காட்டிக்கொள்ளும். இரண்டாவது, அதைத் தேடிப் பார்க்கும் பழக்கம் அன்றைய வைத்தியத்தில் இல்லை. வலி வந்து, மெலிவு வந்து, நோயாளி தானாக வந்து சேரும்போது காலம் கடந்துவிடும். தங்கையின் பிரேதத்தின் அருகே நின்ற முத்துலெட்சுமிக்கு இது நன்றாக விளங்கியது. புற்றுநோய்க்கென்றே ஒரு வைத்தியசாலை வேண்டும் என்ற எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றியது அப்போதுதான்.

1925இல் அரசாங்கப் புலமைப்பரிசிலோடு பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றி மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். லண்டனில் புற்றுநோய்க்கென்றே இயங்கிய வைத்தியசாலையையும் பார்த்தார். நேரத்தோடு கண்டறிந்தால் இந்நோயை வெல்ல முடியும் என்ற நம்பிக்கை அங்கு உறுதிப்பட்டது.

சட்டசபையில் ஒரு வைத்தியர்

நாடு திரும்பியதும் எதிர்பாராத இன்னொரு பணி காத்திருந்தது. இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் அவர் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். வைத்தியத் தொழில் கெட்டுவிடுமோ என்று முதலில் தயங்கினார். பின் ஏற்றுக்கொண்டார். பிரித்தானிய இந்தியாவில் சட்டசபை ஒன்றில் அமர்ந்த முதல் பெண் அவர். உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகவும் தெரிந்தெடுத்தார்கள். நம் இலங்கையில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1931இல்தான் என்பதை ஒப்பிட்டால், இந்தப் பெருமையின் அளவு புரியும்.

பதவியை அவர் அலங்காரமாக வைத்திருக்கவில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி வைத்தியசாலை, பாடசாலைப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை, திருமண வயதை உயர்த்துதல் என்று ஒவ்வொன்றாக முன்வைத்தார். முஸ்லிம் மாணவிகள் பாதுகாப்பாகத் தங்கிப் படிக்க ஒரு விடுதி வேண்டும் என்பதற்காகவும் உழைத்தார். நம் கல்லூரி மாணவிகள் இதை நன்றியோடு நினைவில் கொள்ள வேண்டும். தூரத்து ஊர்ப் பெண்பிள்ளை படிக்க வேண்டுமானால் புத்தகமும் ஆசிரியரும் மட்டும் போதா. வாப்பாவும் உம்மாவும் நிம்மதியாக அனுப்பிவைக்கக்கூடிய ஓர் இடமும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தேவதாசி முறையை ஒழிக்கும் முயற்சியில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். சமயத்துக்கும் கலைக்கும் எதிரி என்று அவரைத் தூற்றினார்கள். அவர் பின்வாங்கவில்லை. அந்த முறையை முற்றாக ஒழிக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது. இதற்கிடையில் 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துச் சட்டசபைப் பதவியையே துறந்தார்.

அக்காலத்தில் தேவதாசிக் குலத்துப் பெண்பிள்ளைகள் சிலர் அடைக்கலம் தேடி அவர் வீட்டுக்கு வந்தார்கள். விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தம் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார். அவ்வை இல்லம் அப்படித்தான் தோன்றியது. ஆதரவற்ற பெண்கள் படித்துத் தம் காலில் நிற்க அந்த இல்லம் இன்றும் உதவிவருகிறது.

ஓலைக் குடிசையும் 12 கட்டில்களும்

இத்தனை பணிகளுக்கிடையிலும் தங்கையின் நினைவு மங்கவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் வைத்தியசாலை பற்றிய தம் விருப்பத்தைப் பகிரங்கமாக அறிவித்தார். அரசாங்கத்தின் கதவை மீண்டும் மீண்டும் தட்டினார். புற்றுநோயாளர்கள் எப்படியும் இறந்துபோகிறவர்கள்தானே, அவர்களுக்காக ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும் என்ற எண்ணமே அதிகாரத்தில் இருந்தவர்களிடம் பரவலாக இருந்தது.

முத்துலெட்சுமி வேறு வழியை நாடினார். இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றை ஆரம்பித்துப் பொதுமக்களிடம் கையேந்தினார். அவருடைய இளைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி புற்றுநோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற்று வந்து, தாயின் கனவுக்குத் தம் வாழ்க்கையையே கொடுத்தார். 1952 ஒக்டோபர் 10ஆம் திகதி பிரதமர் ஜவகர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 யூன் 18ஆம் திகதி வைத்தியசாலை இயங்கத் தொடங்கியது. அப்போது அங்கிருந்தவை ஒரு சிறிய கட்டிடம், சில குடிசைகள், 12 கட்டில்கள். அடுத்த ஆண்டு டாக்டர் சாந்தா என்ற இளம் பெண் வைத்தியர் வந்து சேர்ந்தார். கைநிறையச் சம்பளம் தரும் அரசாங்க வேலையை விட்டு வந்தவர் அவர். 2021இல் மறையும்வரை அந்த வளவிலேயே வாழ்ந்து நோயாளருக்குத் தொண்டு செய்தார். 1957இல் இந்தியாவின் முதலாவது கோபால்ட் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி அங்கு நிறுவப்பட்டது. ஏழை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்புவதில்லை என்ற ஒழுங்கு தொடக்கம் முதல் கடைப்பிடிக்கப்பட்டது.

1956இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968 யூலை 22ஆம் திகதி, 82 வயது நிறைவுக்கு எட்டு நாட்கள் இருக்கையில், முத்துலெட்சுமி ரெட்டி காலமானார். அவர் பிறந்த நாளான யூலை 30ஆம் திகதியைத் தமிழ்நாடு அரசு இப்போது மருத்துவமனை தினமாக அனுட்டிக்கிறது.

நோய் வருமுன் தேடிப் பார்த்தல்

முத்துலெட்சுமி வைத்தியசாலைக்காக அலைந்துகொண்டிருந்த அதே காலத்தில், அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் இன்னொருவர் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்திருந்தார். கிரேக்க நாட்டில் 1883இல் பிறந்த ஜோர்ஜ் பாப்பனிக்கொலாவு என்பவர் அவர். கருப்பையின் கழுத்துப் பகுதியிலிருந்து மெல்ல எடுக்கப்படும் கலங்களைக் கண்ணாடித் தட்டில் பூசிச் சாயமிட்டுப் பார்த்தால், புற்றுநோயின் அறிகுறியைக் காணலாம் என்று அவர் கண்டார். அவருடைய மனைவி அன்ட்ரொமாக்கி ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்ததோடு, பரிசோதனைக்காகத் தம் உடலின் கலங்களையே ஆண்டுக்கணக்கில் கொடுத்துவந்தார். 1928இல் இதை அவர் அறிவித்தபோது வைத்திய உலகம் பொருட்படுத்தவில்லை. 1943இல் அவருடைய நூல் வெளிவந்த பின்னரே பலரும் ஏற்றுக்கொண்டார்கள். அவர் பெயரின் முதற் பகுதியே இன்று பாப் பரிசோதனை என்று வழங்குகிறது.

இப்பரிசோதனையின் பயன் பெரிது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஓரிரவில் வருவதில்லை. பெரும்பாலும் மனித பப்பிலோமா வைரசு என்னும் கிருமியின் தொற்று நீண்டகாலம் நிலைத்திருப்பதால் கலங்கள் மெல்ல மெல்ல மாறுகின்றன. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் செல்லும். இடையில் வலியோ வேறு அடையாளமோ இருப்பதில்லை. ஆகவே நலமாக இருக்கும்போதே பார்த்தால்தான் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்துவிட்டால் சிறிய சிகிச்சையோடு நோயை வரவிடாமலே தடுத்துவிடலாம். சுந்தரம்மாளின் காலத்தில் இல்லாத வாய்ப்பு இது.

நம் வீட்டு வாசலில்

இலங்கையில் 1996ஆம் ஆண்டு முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடத்தப்படுகின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் இவை இயங்குகின்றன. இங்கு செல்வோர் நோயாளிகள் அல்லர், சுகமாக இருக்கும் பெண்கள். பெயரிலேயே அது சொல்லப்பட்டிருக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் உள்ள பெண்கள் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு முதன்மையாக அழைக்கப்படுகிறார்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவையும் பார்க்கப்படும். மார்பகங்களும் பரிசோதிக்கப்படும். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளையும் இடத்தையும் சொல்வார். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்க நம் வீடுகளுக்கு வருபவர்தான் அவர். பரிசோதனை மறைவான அறையில் நடக்கும். பெண்ணே பரிசோதிக்க வேண்டும் என்று விரும்புவோர் அதை முன்கூட்டியே அவரிடம் தெரிவிக்கலாம்.

இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். மாதம் ஒருமுறை தம் மார்பகங்களைத் தாமே தடவிப் பார்க்கும் பழக்கத்தை 20 வயது முதலே ஏற்படுத்திக்கொள்வது நல்லது. கட்டி, தோலில் குழிவு, முலைக்காம்பு உள்ளிழுத்தல், இரத்தம் கசிதல் போன்றவை தெரிந்தால் காத்திருக்கக்கூடாது. கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது எதுவென்று தெரிந்துகொள்ள வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். மாதவிடாய் நின்ற பின் வரும் இரத்தப்போக்கும், இரு மாதவிடாய்களுக்கு இடையே வரும் இரத்தப்போக்கும் அதுபோலவே உடனே காட்ட வேண்டியவை. அடுத்த கிளினிக் நாள் வரை அவற்றுக்காகப் பொறுத்திருக்கலாகாது.

நம் குடாநாட்டில் தெல்லிப்பழை வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை பலர் கால்நடையாக நடந்து சேர்த்த நிதி அதன் கட்டிடத்துக்கு உதவியது. முன்பு மகரகமைக்குப் போய் மாதக்கணக்கில் தங்கியிருந்த நம்மவர்களின் சிரமம் இதனால் குறைந்திருக்கிறது. 2017 முதல் ஆறாம் தர மாணவிகளுக்குப் பாடசாலைகளிலேயே பப்பிலோமா வைரசுக்கு எதிரான தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. எங்கள் தங்கைமார் பலர் கையை நீட்டிப் போட்டுக்கொண்ட ஊசி அதுதான். ஊசி போட்டவர்களும் உரிய வயது வந்ததும் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

வசதி இருந்தும் பலர் போகாததற்குக் காரணங்கள் நமக்குத் தெரியும். வெட்கம் ஒன்று. ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இன்னொன்று. பிள்ளைகளின் ரியூசன், சமையல், மாமியின் மருந்து என்று தன்னைக் கடைசியில் வைத்துக்கொள்ளும் உம்மாவின் குணம் எல்லாவற்றிலும் பெரியது. உடல் நமக்குத் தரப்பட்ட அமானிதம். அதைப் பேணுவது சுயநலம் ஆகாது. முத்துலெட்சுமி திரைக்குள் அமர்ந்துதான் படித்தார். மறைவைப் பேணிக்கொண்டே அறிவையும் சிகிச்சையையும் பெறலாம் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

மாணவிகளே, அந்தக் காலத்தில் ஒரு வைத்தியருக்கே தம் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. இன்று வைத்தியம் படிக்காத நாமும் நம் உம்மாவை, சாச்சியை, பெரியம்மாவைக் காப்பாற்றலாம். இந்த இதழை வீட்டுக்குக் கொண்டுபோனதும் உங்கள் உம்மாவுக்கு என்ன வயது என்று கேளுங்கள். முப்பத்தைந்து கடந்திருந்தால், கிளினிக்குக்குப் போனீர்களா என்று அடுத்ததாகக் கேளுங்கள். இல்லை என்றால், அடுத்த கிளினிக் நாளில் அவர் போய் வரும்வரை சின்னத் தம்பியையும் அடுப்பையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.